கட்டைவிரலுக்கு ஒரு நாற்காலி

அந்தக் கார் தொழிற்சாலையின் வாசலில் இரண்டு பலகைகள் உண்டு. கடைசி விபத்து நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைச் சொல்கிற பலகை ஒன்று. எண்ணை மாற்றுகிற ஆள் ஏணியிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிறகு அதை மாற்றுவதையே விட்டுவிட்டார்கள். இன்னொன்று பெரியது, விளக்கெல்லாம் போட்டது. 'நமது காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்புகள்' என்று தலைப்பு, கீழே ஒரு எண். அந்த வருஷம் முழுக்க அது தொண்ணூற்றொன்பதிலேயே நின்றுகொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்பதும் சாமானியப்பட்டவை இல்லை. கார்க் கதவைச் சாத்தினால் விலை உயர்ந்த காரின் சத்தம் வரவைக்கும் முறைக்கு ஒன்று வாங்கியிருந்தார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் வரிசை எந்தத் தூணைச் சுற்றி வளைய வேண்டும் என்பதற்கு ஒன்று. அறுபத்தொன்றாவது, ஊழியர்களுக்கான இணையப் பாதுகாப்புப் பயிற்சி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்க முடியாது. அங்கே வேலை பார்த்த யாரும் அதிலிருந்து தப்பித்ததில்லை.

பசையண்ணனுக்கு இந்தப் பலகையெல்லாம் கண்ணில் பட்டதே கிடையாது. அவருக்குத் தெரிந்தது காரின் அடிவயிறு மட்டும்தான். தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும் கார்க் கூட்டின் கீழே நின்று, தகடும் தகடும் சேருகிற இடுக்கில் சீலண்ட் அடிப்பது அவர் வேலை. தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கிற பசைதான் சீலண்ட். அதனால் அவருக்குப் பசையண்ணன் என்று பெயர் வந்தது. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.

பத்தொன்பது வருஷம் கையைத் தூக்கிக்கொண்டே நின்றதில் வலது தோள்பட்டை போய்விட்டது. காலையில் சட்டைக்குள் கையை விட முடியாது. மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நுழைப்பார். இப்படியே இன்னும் ஒரு வருஷம் தூக்கினால் தலை வாரக்கூடக் கை எழும்பாது என்று வெளியில் காட்டிய டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உட்கார்ந்து செய்கிற வேலை. சூப்பர்வைசரிடம் கேட்டார். சூப்பர்வைசர் பட்டியலைப் புரட்டிவிட்டு, வேலை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பிரிவுக்கு நாற்காலியே ஒதுக்கப்படவில்லை என்றார்.

இப்போது கட்டைவிரலுக்கு வருவோம். பின்சக்கரத்துக்கு மேலே மூன்று தகடுகள் சந்திக்கிற ஒரு மூலை உண்டு. எவ்வளவு நிதானமாக சீலண்ட் அடித்தாலும் அங்கே ஒரு காற்றுக்குமிழி நின்றுகொள்ளும். காய்ந்ததும் அது ஊசித்துளையாகிவிடும். தண்ணீர் டெஸ்டில் டிக்கிக்குள் சொட்டும். பசையண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கையுறையில் கட்டைவிரல் பகுதியை வெட்டி எறிந்தார். சீலண்ட் அடித்த கையோடு, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தி, அந்த மூச்சு தானாக வெளியே வரும்வரை வெறும் கட்டைவிரலால் அந்த மூலையை அழுத்தி, லேசாகத் திருகி எடுப்பார். துளை அடைந்துவிடும். அவர் ஷிப்டில் எந்தக் காரும் ஒழுகியதில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அழுத்தி, முந்நூறு தடவை பசையைக் கரைக்கிற தின்னரில் துடைத்து, அந்த விரலில் ரேகை என்று எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. வழவழவென்று சோப்புத் துண்டுபோல இருக்கும்.

வருஷம் முடிய இரண்டு மாதம் இருந்தது. நூறு காப்புரிமை ஆகிவிடும் என்று முதலாளி வருஷ ஆரம்பத்திலேயே மேடையில் சொல்லிவிட்டார். கண்டுபிடிப்புப் பிரிவில் யாருக்கும் தூக்கம் இல்லை. எதையாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவின் அதிகாரி வாழ்க்கையில் முதல்முறையாகக் கார் செய்கிற இடத்துக்கு வந்தார். தலைக்கவசத்தில் விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. பசையண்ணன் மூச்சை நிறுத்துவதையும் விரலை வைப்பதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதை எப்பலேர்ந்து செய்றீங்க?"

"பத்தொன்பது வருஷமா சார்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"யாரும் கேட்கலையே சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்துபோயிற்று. "நல்லவேளை. கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க, ரகசியம் போயிருக்கும். கீழே இருக்கிறவங்களை எதுவும் கேட்காம இருக்கிறதுதான் இந்தக் கம்பெனியோட பெரிய பலம். அதை நாங்க ரொம்ப வருஷமா கட்டிக் காப்பாத்திட்டு வர்றோம்," என்றார்.

போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார். கண்டுபிடிப்பாளர் என்று பதிவேட்டில் பெயர் ஏறியவர்களை நின்றுகொண்டு வேலை செய்ய விடக்கூடாது என்று ஏழாம் விதி இருக்கிறதாம். கண்டுபிடிக்கிற மூளை உட்கார்ந்துதான் இருக்க வேண்டுமாம். பசையண்ணனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். நாற்காலிக்குச் சாய்மானம் உண்டா என்று கேட்டுக்கொண்டு வரச் சொன்னாள்.

சாய்மானம் இருக்கட்டும், பதிவேட்டையே திறக்க முடியவில்லை. பதிவேடு கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட இணையப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு நான்கு வாரப் பயிற்சி. அதாவது அறுபத்தொன்றாவது கண்டுபிடிப்பு.

பயிற்சியை நடத்தியவர் மெல்லிய குரலில் பேசுகிற ஒரு அம்மாள். எல்லோரும் பயிற்சி மேடம் என்பார்கள். கண்டுபிடிப்பின் சாரத்தை முதல் நாளே விளக்கினார். ஒவ்வொரு ஊழியருக்கும் ஆரம்பத்தில் நூறு நம்பிக்கைப் புள்ளிகள் கணக்கில் இருக்கும். யாரையாவது நம்பாமல் போகும்போதெல்லாம் புள்ளி குறையும். பூஜ்யத்துக்கு வந்தால் சான்றிதழ். பயிற்சி நடக்கும்போதே தேநீர்த் தட்டோடு ஒருவர் வருவார், அவருக்குக் கதவைத் திறந்துவிட்டால் தோல்வி. கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுத்தால் தோல்வி. மணி என்ன என்று கேட்டால் சொல்லக்கூடாது. வீட்டிலிருந்து போன் வந்து எப்போது வருவீர்கள் என்று கேட்டாலும் சொல்லக்கூடாது.

"நீங்க இங்க வரும்போது நல்ல மனுஷங்களா வர்றீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை, வளர்ப்பு அப்படி. நாலு வாரத்துல சரி பண்ணிடலாம்," என்றார் மேடம்.

வகுப்பில் பெயர் சேர, மேசையில் இருந்த சிறிய கருவியில் வலது கட்டைவிரலை வைக்க வேண்டும். பசையண்ணன் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. 'ஆள் இல்லை' என்று திரையில் வந்தது. துடைத்துவிட்டு வைத்தார். ஊதிவிட்டு வைத்தார். ஆள் இல்லை. வேறு விரலை வைக்கட்டுமா என்று கேட்டார். வேறு விரலுக்குக் கருவியில் இடமில்லை என்றார்கள்.

மேடத்துக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் சந்தோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்நியர் என்றால் என்ன என்று விளக்க, முகமூடி போட்ட ஒருவரின் படத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தாராம். இப்போது நிஜமாகவே அடையாளம் இல்லாத ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். பசையண்ணனை வகுப்பின் முன்னால், பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

முன்வரிசையில் வெல்டர் இருந்தார். பத்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வருகிறவர்கள்.

"இவர் யாரு?" என்று மேடம் கேட்டார்.

"பசையண்ணன், மேடம்."

"தப்பு."

"என்ன மேடம் தப்பு? இவர் வீடு மாத்தினப்ப பீரோவைத் தூக்கினதே நான்தான்."

"அதைத்தான் சொல்றேன். பத்து வருஷம் பழகி, பீரோவையும் தூக்க வச்சு, உங்களை நம்ப வச்சிருக்கார்னா எவ்வளவு ஆபத்தான ஆளுன்னு யோசிங்க."

வெல்டர் யோசித்தார். அந்த வாரமும் அடுத்த வாரமும் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லி, அதே தோல்வியை வாங்கினார். மூன்றாவது வாரம், பூஜ்யத்துக்கு வராதவர்களுக்கு அடுத்த மாதம் ஷிப்ட் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. வெல்டருக்கு இரண்டு பிள்ளைகள். நான்காவது வாரம் மேடம் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியாது, மேடம்," என்றார்.

வகுப்பே கைதட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல் பசையண்ணனும் தட்டினார். தோள் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் வெல்டர் பக்கத்தில் உட்காரவில்லை. படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தார். மூன்று நாள் அப்படித்தான். நான்காம் நாள் வந்து உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்க அண்ணே," என்றார். சான்றிதழ் கொடுத்துவிட்டார்களா என்று பசையண்ணன் கேட்டார். கொடுத்துவிட்டார்கள். "அப்ப சரி," என்றார்.

வெல்டருக்குச் சான்றிதழ் கிடைத்தது. பசையண்ணனுக்கு எங்கே கிடைக்கும்? வகுப்பிலேயே அவர் இல்லையே. வாசலிலும் அதே கருவியை வைத்துவிட்டதால் தினமும் காலையில் காவல்காரர் அவரைப் பார்வையாளர் புத்தகத்தில் எழுதி, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி உள்ளே அனுப்பினார். யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று காவல்காரருக்கும் தெரியவில்லை. 'காரை' என்று எழுதிவைத்தார்.

விதிவிலக்கு வாங்க ஒரே வழிதான் இருந்தது. கட்டைவிரல் இல்லை என்று கம்பெனி டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். டாக்டர் படிவத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், திரும்பவும் படிவத்தைப் பார்த்தார். அதில் 'கட்டைவிரல் உண்டு', 'கட்டைவிரல் இல்லை' என்று இரண்டே கட்டம்.

"உண்டுன்னு போட்டா உங்களுக்கு விலக்கு கிடைக்காது. இல்லைன்னு போட்டா நான் பொய் சொன்னவனாயிடுவேன். ரெண்டும் வேண்டாம்," என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் ஓய்வுபெற ஏழு மாதமே இருந்தது. கட்டங்களுக்கு வெளியே ஓரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'கட்டைவிரல் இருக்கிறது. யாருடையது என்று சொல்வதற்கில்லை.'

அந்தப் படிவம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

இதற்கிடையில் கண்டுபிடிப்புப் பிரிவில் பெரிய சங்கடம் நடந்துகொண்டிருந்தது. கண்டுபிடிப்பு என்றால் முறை மட்டும் போதாது, ஒரு கருவியும் காட்டினால்தான் கனமாக இருக்கும் என்று அதிகாரி நினைத்தார். பசையண்ணன் விரலை அச்செடுத்து பிளாஸ்டிக்கில் ஒரு கட்டைவிரல் செய்தார்கள். ஒழுகியது. ரப்பரில் செய்தார்கள், ஒழுகியது. உள்ளே சூடேற்றும் கம்பி வைத்து ஒன்று செய்தார்கள், அது சீலண்டோடு ஒட்டிக்கொண்டு காரோடு போய்விட்டது. பதினோரு விரல் செய்தும் டிக்கியில் தண்ணீர் நின்றது. வருஷம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. அப்போதுதான் டாக்டர் எழுதிய படிவம் சுற்றிச் சுற்றி அதிகாரி மேசைக்கு வந்தது.

அன்று மாலையே காப்புரிமைக் குழு கூடியது. பசையண்ணனைக் கூப்பிட்டு மேசையின் கோடியில் நிறுத்தினார்கள். அதிகாரி எழுந்து பேசினார்.

"நண்பர்களே, இந்த விரல் யாரோடதுன்னு நம்ம டாக்டராலயே சொல்ல முடியலை. நம்ம பாதுகாப்புக் கருவியும் ஆள் இல்லைன்னு தெளிவா சொல்லுது. ஆனா இதோட வழவழப்பு எங்கிருந்து வந்துச்சு? நம்ம லைன்ல, நம்ம சீலண்ட்ல, நம்ம தின்னர்ல. பத்தொன்பது வருஷமா நாம உருவாக்கின பொருள் இது. நமக்கே தெரியாம உருவாக்கியிருக்கோம். அதுதான் உண்மையான கண்டுபிடிப்பு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் அதற்கு 'வரிகளற்ற, வளைந்த, மீள்தன்மையுள்ள அழுத்தி' என்று பெயர் வைத்தார்கள். பசையண்ணனின் மிச்ச உடம்பு 'அழுத்தியைத் தாங்கும் கைப்பிடி' ஆயிற்று. கைப்பிடியின் எடை அறுபத்திரண்டு கிலோ என்று குறித்துக்கொண்டார்கள். நகத்தின் மேல் சொத்து எண் அச்சிட்ட ஒரு சீட்டை ஒட்டினார்கள். குளிக்கும்போது ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார்கள்.

பசையண்ணன் பொறுமையாக நின்றுவிட்டு, கண்டுபிடிப்பாளர் பட்டியலில் தன் பெயர் வருமா என்று கேட்டார். பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். அதிகாரி இருந்தார், முதலாளியின் மருமகன் இருந்தார், சீட்டு ஒட்டியவர் இருந்தார்.

"நீங்க எப்படிங்க வர முடியும்?" என்றார் அதிகாரி, கனிவாகத்தான். "கருவியே கருவியைக் கண்டுபிடிச்சதா எழுதினா உலகம் சிரிக்காதா?"

அவ்வளவுதான், நாற்காலி போயிற்று. வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று பசையண்ணனுக்குப் புரியவில்லை. நேராகச் சொல்லிவிட்டார். மனைவி அவருடைய விரலைப் பிடித்து அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நம்ம பிரிட்ஜிலயும் இப்படித்தான் ஒண்ணு ஒட்டியிருக்கு. அதையாவது சுவரோரமா அலுங்காம வச்சிருக்கோம்," என்றாள். அவளுக்கு அழுகை வந்தால் குரல் இப்படித்தான் கறாராகிவிடும்.

அவள் சொன்னது அவர் மனதில் தங்கிவிட்டது. மறுநாள் சாமான் கிடங்குக்குப் போனார். கிடங்குக்காரர் யாரிடமும் அதிகம் பேசாத மனிதர். விரலில் இருந்த எண்ணைத் தன் பெரிய புத்தகத்தில் தேடினார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். காப்புரிமைக்கு அனுப்பிய மாதிரிக் கருவியை லைனில் பயன்படுத்தக் கூடாது. சீரான குளிரில் வைக்க வேண்டும். அசையாத தாங்கியின் மேல் இருக்க வேண்டும். தோள் உயரத்துக்கு மேலே தூக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை.

"தாங்கின்னா என்னங்க?" என்று பசையண்ணன் கேட்டார்.

கிடங்குக்காரர் எழுந்து உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். சாய்மானம் இருந்தது. "கையெழுத்துப் போட வேண்டாம். நீங்க சாமான். நான்தான் போடணும்," என்றார்.

இப்படியாகத்தானே பசையண்ணனுக்கு உட்கார்கிற வேலை கிடைத்தது. கண்ணாடி அறை, குளிர்ந்த காற்று, மெத்தை வைத்த கைப்பலகையில் வலது கட்டைவிரல். வாசல் பலகையில் நூறு என்று எரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வெளியூர் விருந்தாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். கண்ணாடியில் 'தொட வேண்டாம்' என்றும், அதற்குக் கீழே 'கைப்பிடியோடு பேச வேண்டாம்' என்றும் எழுதியிருந்தது. ஒரு சின்னப் பெண் மட்டும் கைப்பிடியைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் இடது கையை அசைத்தார். இடது கையைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

அப்படியானால் லைனில் அந்தத் துளையை யார் அடைத்தார்கள் என்று கேட்பீர்கள். யாரும் அடைக்கவில்லை. கார்கள் ஒழுகின. ஒவ்வொரு டிக்கியிலும் ஒரு பஞ்சை இலவசமாக வைத்து அனுப்பினார்கள். நூற்றொன்றாவது காப்புரிமை அந்தப் பஞ்சுக்குத்தான்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் மனைவி வழக்கம்போலச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பசையண்ணன் ஏதோ யோசனையில் இன்னொரு சட்டையை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு பொத்தான் போட ஆரம்பித்துவிட்டார். பிறகுதான் இரண்டு பேருக்கும் விஷயம் உறைத்தது. அவர் கையை மேலே தூக்கிப் பார்த்தார். காதுவரை போயிற்று. இன்னும் மேலே போயிற்று. மனைவி கையில் பிடித்திருந்த சட்டையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

ஆனால் பாருங்கள், உடம்புக்கு ஓய்வு கொடுத்தால் அது தோளோடு நிற்காது.

பதின்மூன்றாவது வாரம். தண்ணீர் குடித்துவிட்டு அவர் வைத்த டம்ளரை மனைவி கழுவ எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இங்க வாங்க," என்றாள். டம்ளரில் ஒரு கட்டைவிரல் பதிவு இருந்தது. மெல்லிசாக, ஓரத்தில் மட்டும், ஐந்தாறு வளைந்த கோடுகள்.

பசையண்ணன் விரலை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ரேகை திரும்ப வந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூட மையில் தோய்த்து நோட்டுப் புத்தகம் முழுக்க அழுத்தி விளையாடிய அதே சுழி. அதைப் பார்த்ததும் முதலில் அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. ரொம்ப நாள் கழித்துத் தெரிந்த ஒருவரைப் பார்த்ததுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. திங்கட்கிழமை மூன்று மாதச் சோதனை.

கிடங்குக்காரர் முன்பே படித்துச் சொல்லியிருந்தார். அழுத்தியில் வரி தென்பட்டால் கருவி பழுது. சொத்து எண் ரத்தாகும். கைப்பிடி லைனுக்குத் திரும்பும்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது தாழ்வாரத்தில் யாரும் இல்லை. சுவரில் அந்த விரல் கருவி இருந்தது. வைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பசையண்ணன் விரலை வைத்தார். சிவப்பு வரவில்லை. பச்சையும் வரவில்லை. விளக்கு இரண்டுக்கும் நடுவே தடுமாறியது. 'இன்னொரு முறை வையுங்கள்' என்று திரையில் வந்தது. அந்தக் கருவி அவரிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை வைத்தால் தன் பெயர் வரும் என்று அவருக்குத் தெரிந்தது. கழுத்தில் பார்வையாளர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் வெல்டரிடம் சொன்னார்.

"பேர் வந்தா நல்லதுதானே அண்ணே," என்றார் வெல்டர். "நானும் எல்லார் முன்னாடியும் தெரியும்னு சொல்லுவேன்."

"சொல்லுவீங்க. அப்புறம் நான் மறுபடி கையைத் தூக்கிட்டு நிக்கணும்."

இறங்குமிடம் வந்ததும் வெல்டர் பசையண்ணனின் சாப்பாட்டுப் பையைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பசையண்ணன் குளியலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, மனைவி குதிகால் தேய்க்கிற சொரசொரப்பான கல்லில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"இப்படித் தேய்ச்சா ரத்தம்தான் வரும். கொண்டாங்க," என்று எதிரே உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஒரே பக்கமாக, மெதுவாகத் தேய்த்தாள். நடுநடுவே விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுழியின் நடுப்பகுதி லேசில் போகவில்லை. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். வலித்தது. தோளோடு ஒப்பிட்டால் பரவாயில்லை.

"பிறக்கும்போதே வந்ததுங்க இது," என்றாள் அவள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

"தெரியும். மூணு மாசத்துல திரும்ப வந்துடும்," என்றார் அவர்.

திங்கட்கிழமை கண்டுபிடிப்புப் பிரிவும் பயிற்சிப் பிரிவும் சேர்ந்து வந்தன. அதிகாரி பூதக்கண்ணாடி வைத்து விரலைப் பார்த்தார், மேற்பரப்பு முன்னைவிட மேம்பட்டிருக்கிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பயிற்சி மேடம் விரல் கருவியை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பசையண்ணன் பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டு விரலை அழுத்தினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு. ஆள் இல்லை. அவர் மூச்சை விட்டார். மேடம் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். நூறாவது கண்டுபிடிப்பு பத்திரமாக இருக்கிறது என்று முதலாளிக்குச் செய்தி போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"நான் யாருன்னு தெரியலையாம்."

"அப்பாடா," என்றாள் அவள். பிறகு உள்ளே போய், குளியலறை மூலையில் கிடந்த அந்தக் கல்லைக் கழுவித் துடைத்து, தொலைந்துபோகாத இடமாகப் பார்த்து அலமாரியில் எடுத்துவைத்தாள்.